ஜெயம் வீட்டில் கேட்ட ஆம்பளைக் குரல்

பேச்சு வராத புருஷனை வீட்டில் வைத்துக்கொண்டே ஜெயம் இன்னொரு ஆம்பளையை உள்ளே விட்டிருக்கிறாள் என்று, திண்டிவனத்தில் ரயில்வே கேட்டைத் தாண்டி இருக்கிற அந்தத் தெரு முழுக்கப் பேச்சு. பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொள்கிறார்களாம். உள்ளே அவன் "ஜெயம், ஜெயம்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறானாம். அவன் பேசுகிற தமிழ் ஒரு தினுசாக இருக்கிறதே என்று ஒருத்தி சந்தேகப்பட, ஆள் இந்திக்காரன் என்று டீக்கடையில் முடிவானது. குழாயடிக்கு வந்து சேர்வதற்குள் அவன் பாலம் கட்ட வந்த பீகார்க்காரன் ஆகிவிட்டான். ரேஷன் கடை வரிசையில் அவனுக்கு ஒரு மீசையும் கிடைத்தது. யாரும் அவனைப் பார்க்கவில்லை. பார்க்காததால்தான் இவ்வளவு விவரமாகச் சொல்ல முடிந்தது.

குரல் கேட்டது நிஜம். கதவு சாத்தியிருந்ததும் நிஜம். அந்தக் குரல் அந்த வீட்டுக்குள் எப்படி நுழைந்தது என்பதை முதலில் கேட்டுவிடுவது நல்லது. டீக்கடை எங்கேயும் ஓடிப்போய்விடாது.

ஜெயத்தின் புருஷன் சவுரிராயன் மைக் செட்காரர். ஆட்டோவின் மேல் ரெண்டு கூம்பு ஸ்பீக்கர், உள்ளே அவரே சால்டர் வைத்துச் செய்த அம்ப்ளிஃபையர், கையில் மைக். காதுகுத்து, தேர்த்திருவிழா, தேர்தல், ஜவுளிக்கடைத் தள்ளுபடி, எல்லாம் சொல்வார். ஆனால் அவருக்குப் பேர் வந்தது சாவு சொல்வதில்தான். ஓமந்தூரிலிருந்து திண்டிவனம் வரை யார் செத்தாலும் அவர் வாயால்தான் ஊருக்குத் தெரியும். உயிரோடு இருந்தபோது யாரும் திரும்பிப் பார்க்காத ஆளைக்கூட, "அன்னார்" என்று அவர் இழுக்கிற இழுப்பில், ஐயோ போய்விட்டாரே என்று தோன்றும். தன் சாவையும் இந்த ஆளே சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டு செத்தவர்கள் உண்டு.

அந்தத் தொண்டை ஒரு வருஷமாகக் கரகரத்தது. சுக்கு, பனங்கற்கண்டு, ஆடாதொடை என்று ஓட்டினார். கடைசியில் பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கட்டி என்றார்கள். குரல்வளையையே எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார்கள்.

"முடியாது," என்றார் சவுரிராயன். "கொரலு போச்சின்னா அப்பறம் நான் எதுக்கு? இருக்கற வரைக்கும் பேசிட்டுப் போறேன்."

டாக்டர் சொன்னது, பாதிரியார் சொன்னது, கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த மகள் இசைவாணி போனில் அழுதது எதற்கும் மசியவில்லை. ஆடி மாதம் ஒருநாள் சோறு தின்னும்போது மூச்சு அடைத்து, நினைவு தப்பிக் கீழே விழுந்தார். ஆஸ்பத்திரியில் ஜெயத்தின் முன்னால் ஆபரேஷனுக்குச் சம்மதம் கேட்கிற காகிதத்தை நீட்டினார்கள். அவள் யாரையும் கேட்கவில்லை. கட்டை விரலை மையில் தொட்டு வைத்துவிட்டாள்.

கண் விழித்தபோது சவுரிராயனுக்குக் கழுத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அதன் வழியாக மூச்சு போய் வந்தது. குரல் போன இடம் தெரியவில்லை.

அதற்கப்புறம்தான் வீட்டில் நிஜமான கஷ்டம் ஆரம்பித்தது. தொண்டை போனவரிடம் ஊரே காது போனவரிடம் பேசுவதுபோலக் கத்தியது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். தெருத் தூசி கழுத்து ஓட்டையில் ஏறி இருமல் பிடுங்கியதால் பகலிலும் கதவைச் சாத்தி வைத்தார்கள். அதையும் பழகிக்கொண்டார். ஆட்டோவை ஆரோக்கியராஜ் என்கிறவன் எடுத்துப்போய், செல்போனில் பதிந்த பேச்சைப் போட்டு ஓட்டினான். அந்தச் சத்தம் தெருவைக் கடக்கும்போது சவுரிராயன் தலையணையால் காதை மூடிக்கொண்டார். பொறுக்க முடியாதது வேறொன்று. அவர் சிலேட்டில் எழுதுவார். ஜெயத்துக்கு எழுத்துத் தெரியாது. பஸ்ஸைக்கூட அவள் நிறத்தைப் பார்த்துத்தான் ஏறுவாள்.

அதனால் சிலேட்டு பக்கத்து வீட்டுக்குப் போகும். பக்கத்து வீட்டுச் சின்னபொண்ணு எட்டாவது வரை படித்தவள். தெருவில் கேஸ் கம்பெனி மெசேஜ் முதல் கல்யாணப் பத்திரிகை வரை அவள்தான் படித்துச் சொல்வாள். சும்மா படிக்க மாட்டாள்.

"இன்னா எழுதிக்கீறாரு பாரு, ஜெயம். கொழம்புல உப்பு இல்லியாம். ஏண்டி, உப்புகூடப் போடாமயா ஒரு நோயாளிக்குக் குடுப்ப?"

"இம்மாத்தூண்டு எழுத்துல இத்தினியுமா இருக்குது?" என்பாள் ஜெயம்.

"எழுத்துக்கு உள்ளார இருக்குது. உனக்கு இன்னா தெரியும்?"

சாயங்காலத்துக்குள் அந்த உப்பு தெருக்கோடி வரை போய்விடும். அதன் பிறகு சவுரிராயன் சிலேட்டில் டீ, மாத்திரை, துண்டு என்பதற்கு மேல் எழுதுவதை விட்டார்.

ஜெயம் மண்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கப் போய்விட்டு வந்து, அவருக்குக் கஞ்சி ஊற்றும்போது அடிக்கடி ஒன்று கேட்பாள். "நான் கை நாட்டு வெச்சது உனக்குக் கோவமா?" அவர் இல்லை என்று தலையாட்டுவார். "தலைய ஆட்டற. உள்ளார இன்னா இருக்குதோ," என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அவள் நம்பாததில் தப்பில்லை. உள்ளே இருந்தது தலையாட்டிச் சொல்கிற சமாச்சாரம் இல்லை. கோபம் இருந்தது. ரொம்ப நாள் இருந்தது. அப்புறம் ஒருநாள் பார்த்தால் இல்லை. இதை எந்தப் பக்கம் ஆட்டிக் காட்டுவது? சிலேட்டில் எழுதிச் சின்னபொண்ணு வாயால் கேட்க வைப்பதைவிடச் சும்மா கிடப்பது மேல் என்று கிடந்தார்.

செல்போனில் எழுதினால் பேசும் என்று யாரோ சொன்னார்கள். அவருடைய போனில் இருந்தது ஒரு சின்ன வயதுப் பெண்ணின் குரல். "ஜெயம், தண்ணீர் வேண்டும்," என்று அது செய்தி வாசிப்பதுபோலச் சொன்னதும், ஜெயம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யாரு அவ? என்னிய வேலைக்காரின்னு நெனச்சிக்கினாளா?" அத்தோடு அது போயிற்று.

அப்போதுதான் அவர், இசைவாணி பிளஸ் டூ படித்தபோது கவர்மெண்டில் கொடுத்த லேப்டாப்பைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து, பையில் போட்டுக்கொண்டு விழுப்புரத்துக்கு பஸ் ஏறினார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அலெக்ஸ் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தான். அவன் அப்பா ஓமந்தூரில் செத்தபோது அதை ஊருக்குச் சொன்னவர் சவுரிராயன். அந்த மரியாதை அவனுக்கு இருந்தது. ஆனால் அவனும் கத்தினான்.

"ணா! இது உசுரோட இருக்கறதே பெரிசுணா! இப்ப வர்ற சாஃப்ட்வேரு எதுவும் இதுல ஏறாது!"

சவுரிராயன் காதைத் தொட்டுக் காட்டி, நல்லா கேக்குது என்று சைகை செய்தார். பிறகு சிலேட்டில் 'ஆம்பளக் கொரலு வேணும்' என்று எழுதினார்.

அலெக்ஸ் தலையைச் சொறிந்தான். "ஒண்ணு இருக்குது. எழுத்தப் படிச்சி பேசற சாஃப்ட்வேரு. எவனுக்கும் சொந்தமில்ல, சோர்ஸ் கோடே வெளிய போட்டுக்கீறான். யாரு வேணா எடுக்கலாம், பிரிக்கலாம், மாத்தலாம். ஆனா ரெடியா கெடைக்காது. இந்த மெஷின்லயே ஒக்காந்து ஒண்ணொண்ணா கோத்து கம்பைல் பண்ணணும். எனக்கு நேரம் இல்லணா. பேஜாரு புடிச்ச வேல."

சவுரிராயனுக்கு அது புரிந்துவிட்டது. கடையில் செய்த அம்ப்ளிஃபையரை வாங்கிவந்து சொருகுவது ஒரு ரகம். போர்டும் டிரான்ஸ்ஃபார்மரும் கெப்பாசிட்டரும் தனித்தனியாக வாங்கி, வீட்டில் உட்கார்ந்து சால்டர் வைத்துக் கோப்பது இன்னொரு ரகம். ரெண்டாவது ரகத்தில்தான் அவர் வாழ்ந்ததே. சிலேட்டில் 'குடு' என்று எழுதினார்.

அலெக்ஸ் தேவையானதையெல்லாம் ஏற்றிக் கொடுத்து, வழியும் சொன்னான். "மொதல்ல கான்ஃபிகர். உன் மெஷின்ல இன்னா இருக்குது, இன்னா இல்லன்னு அது பாத்துக்கும். அப்பறம் மேக். அதான் கோக்கற வேல. கடசியில மேக் இன்ஸ்டால். எங்கனா நின்னுச்சின்னா ஃபோட்டோ புடிச்சி அனுப்பு."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். அந்த வீட்டில் எதைத் தொடங்கினாலும் முதலில் எழுதுவது 'அந்தோணியார் துணை'. ஆட்டோ கண்ணாடியில் அதுதான், அம்ப்ளிஃபையர் பெட்டியில் அதுதான், சிலேட்டுச் சட்டத்திலும் அதுதான். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற சாமியும் அவர்தான். போனது குரல். ஆகவே லேப்டாப்பில் 'அந்தோணியார் துணை' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, சோர்ஸ் கோடு முழுவதையும் அதற்குள் வைத்தார். சிலுவை போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

கான்ஃபிகர் ஓடியது. இது இருக்கிறது, அது இருக்கிறது என்று வரி வரியாகச் சொன்னது. மேக் கொடுத்தார். கொஞ்ச தூரம் போய் நின்றது. திரை முழுக்க இங்கிலீஷ். நடுவில் ஒரே ஒரு வார்த்தை மட்டும் தமிழில் இருந்தது. அந்தோணியார். பக்கத்தில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார். அப்படி ஒன்று கிடையாது என்று எழுதியிருந்தது.

சவுரிராயன் இன்னொரு சிலுவை போட்டுக்கொண்டார். திரும்பவும் ஓட்டினார். திரும்பவும் அதே பதில்: அந்தோணியார், அப்படி ஒன்று கிடையாது. லேப்டாப்பை மூடிவிட்டார். அன்று கஞ்சி இறங்கவில்லை. அறுத்து எறிந்ததைத் திருப்பிக் கேட்கிறாயே என்று சாமியே சொல்லிவிட்டது மாதிரி இருந்தது. செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றினார். நவநாள் ஜெபத்தில் எல்லாரும் வாய்விட்டுச் சொல்லும்போது இவர் கழுத்து ஓட்டையில் புஸ் புஸ் என்று காற்று மட்டும் வந்தது. முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்துவிட்டு நகர்ந்து நின்றார். வீட்டுக்கு வந்ததும், ஆவது ஆகட்டும் என்று திரையை போட்டோ பிடித்து அலெக்ஸுக்கு அனுப்பினார்.

அலெக்ஸ் பதிலைக் குரலில் அனுப்பினான். மல்லாட்டைத் தூசியோடு அப்போதுதான் வந்த ஜெயமும் கேட்டாள்.

"ணா, சிரிச்சிட்டேன், மன்னிச்சிக்கோ. ஃபோல்டர் பேர்ல நடுவுல எடம் உட்டுக்கீற. மெஷினு அந்த எடத்துல பேர ரெண்டா வெட்டிக்கிச்சி. அந்தோணியார தனியா தேடுது, துணைய தனியா தேடுது. ரெண்டும் கெடைக்கல. எடத்த எடுத்துட்டு ஒட்டி வெய்யி. இல்லாங்காட்டி சாமி பேரே வேணாம், சும்மா ஏ பீ சீன்னு வெய்யி."

ஜெயம் முறத்தைக் கீழே வைத்தாள். "அந்தோணியாரையே காணோமாமா? இன்னாத்த பண்ணிக்கினு இருக்கற நீ?"

சவுரிராயனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இருமல் வரும். இருமி இருமிக் கண்ணில் நீர் வந்தது. ஜெயம் பயந்துபோய் முதுகைத் தேய்த்தாள்.

சாமி பேரை எடுக்க மனசு வரவில்லை. இடைவெளியை மட்டும் எடுத்துவிட்டு ஒட்டி வைத்தார். ஓடியது. பாதியில் கரண்ட் போய், செத்த பேட்டரியோடு லேப்டாப் அணைந்தது. ஆரோக்கியராஜிடமிருந்து மைக் செட்டின் பழைய பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் வாங்கிவந்து இணைத்து, முதலிலிருந்து ஓட்டினார். வரிகள் மேலே மேலே ஏறிக்கொண்டே இருந்தன. லேப்டாப்பின் அடிப்பாகம் தோசைக்கல் மாதிரி சுட்டது. ஈரத் துணியில் ஒரு செங்கல்லைச் சுற்றி அடியில் வைத்தார். கடைசி வரி வந்து, எதுவும் சொல்லாமல் நின்றது. இதில் எதுவும் சொல்லாவிட்டால் நல்ல செய்தி என்று அலெக்ஸ் சொல்லியிருந்தான். மேக் இன்ஸ்டால் கொடுத்தார்.

முதலில் எழுதிய வார்த்தை 'ஜெயம்'.

தகர டப்பாவுக்குள் மூக்கடைத்தவன் உட்கார்ந்து பேசுவதுபோல ஒரு குரல் வந்தது. ஆம்பளைக் குரல்தான். ஆனால் எந்த ஊர் ஆம்பளை என்று சொல்ல முடியாது. சவுரிராயன் அப்படியே உட்கார்ந்திருந்தார். மகிழ்வதா, வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆனால் பிரித்து மாற்றலாம் என்று அலெக்ஸ் சொன்னது ஞாபகம் வந்தது. சுருதியை இறக்கினார். வேகத்தைக் குறைத்தார். எந்த எழுத்தை எப்படிச் சொல்வது என்று எழுதியிருந்த ஃபைலைத் திறந்து, ஒன்றை மாற்றுவார், மறுபடி கம்பைல் பண்ணுவார், 'ஜெயம்' என்று சொல்ல வைப்பார், முகம் சுளிப்பார், மறுபடி மாற்றுவார். ஜெயம் வேலைக்குப் போன நேரமெல்லாம், அவள் வந்து கொல்லையில் துணி துவைக்கிற நேரமெல்லாம், சாத்திய கதவுக்குள்ளிருந்து ஜெயம், ஜெயம், ஜெயம் என்று அது தெருவுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

சிலேட்டு வருவது நின்று போனதில் ஏற்கெனவே மனசு கெட்டிருந்த சின்னபொண்ணு, சுவரோரம் நின்று காதைக் கொடுத்தாள். மற்றது டீக்கடைக்குத் தெரியும்.

ஒருநாள் மத்தியானம் ஜெயத்தைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார். முன்கூட்டியே எழுதி வைத்திருந்ததை ஓட்டினார்.

"ஜெயம். நான் சவுரிராயன் பேசறேன். எனக்கு உம்மேல கோவம் இருந்துச்சி. இப்ப இல்ல."

ஜெயம் சட்டென்று எழுந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. "யாரு இவன்?"

அவர் தன் மார்பைத் தொட்டுக் காட்டினார்.

"நீ இல்ல. உன் கொரலு எனக்குத் தெரியாதா? எவனோ ஊட்டுக்குள்ள வந்து ஒக்காந்துக்கினு உன் பேர சொல்றான். நிறுத்து. நீ ஊமையாவே இரு, எனக்கு அது போதும்."

அவர் இன்னொரு தடவை ஓட்டப் போனார். அவள் முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள். அவ்வளவு பாடுபட்டு அவளிடம் சேர்த்த ஒரே பேச்சு, சேரவே இல்லை. அடுத்து வந்த நாட்களில் 'சாப்டியா' என்று ஓட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சவுரிராயன் சிலேட்டைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு மல்லாட்டை மண்டியில் ஒருத்தி ஜெயத்தைக் கேட்டாள்: "ஏங்க்கா, உங்க ஊட்டு பீகாரி நல்லா தமிழு பேசறானாமே?" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஜெயம் வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். கதவைச் சாத்தியது தெருவுக்கே கேட்டது.

"ஊரே சிரிக்குது. நான் எவனோ மீசக்கார பீகாரிய வெச்சிக்கினு இருக்கேனாம். இந்தப் பொட்டிய ஒடச்சிப் போடு. நீ ஒடைக்கிறியா, நான் ஒடைக்கட்டா?"

சவுரிராயன் லேப்டாப்பின் மேல் கை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திறந்து, ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார். அவருக்கு வேகம் வராது. அவள் பிடுங்கியிருக்கலாம். நின்றுகொண்டிருந்தாள்.

"ஒடச்சிடு. அப்பறம் சிலேட்டுதான். சின்னபொண்ணுதான் படிப்பா," என்றது குரல்.

ஜெயம் சுவரில் சாய்ந்தபடியே கீழே உட்கார்ந்தாள். அங்கிருந்தே கேட்டாள்.

"எத்தினி நாளு இருந்துச்சி?"

அவருக்குப் புரியவில்லை.

"கோவம்யா. இருந்துச்சி, இப்ப இல்லன்னியே. எத்தினி நாளு?"

தட்டினார். "தை வரைக்கும்."

"தையா?" அவள் குரல் ஏறியது. "ஆடியில இருந்து தை வரைக்குமா? டியூப்ல கஞ்சி ஊத்தனேன், கழுத்து ஓட்டையத் தொடச்சி உட்டேன், நீ உள்ளார கோவத்த வெச்சிக்கினுதான் குடிச்சியா? கேட்டா தலைய வேற ஆட்டன. பொய்யிதான அது?"

"பொய்யிதான்," என்றது குரல்.

"வெக்கமா இல்ல?"

அவர் ஒரு வரி தட்டி முடிப்பதற்குள் அவள் பத்து வரி பேசினாள். அவர் பதில் சொல்கிற கேள்விக்குப் பின்னால் நாலு கேள்வி போயிருந்தது. "சாவறேன்னு சொன்னவன சாவ உட்டுட்டு நான் இன்னா பண்றது?" என்று அவள் கேட்டபோது, அவர் விரல் கீபோர்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. "சொல்லு. இத்தினி நேரம் பேசனியே, இதுக்குச் சொல்லு." அவள் அழுதாள். அவருக்கு அழுகையிலும் சத்தம் வராது.

கதவு இடிபட்டது. "ஜெயம்! ஏய் ஜெயம்! யாருடி உள்ளார? அடிக்கிறானா?" சின்னபொண்ணுதான். பின்னால் நாலைந்து தலை.

ஜெயம் மூக்கைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். "என் புருஷன்."

"அவருதான் பேச மாட்டாரே. ஆம்பள சத்தம் கேட்டுச்சி."

"அதான் சொல்றேன் இல்ல, என் புருஷன்."

சின்னபொண்ணு கழுத்தை நீட்டி, கட்டிலுக்கு அடியில் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து ஆரோக்கியராஜ் மத்தியானச் சோற்றுக்குத் திரும்பி, மைக் செட் ஆட்டோவை அவர்கள் வாசலில் நிறுத்தினான். ஜெயம் அதைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்குத் தெரிஞ்சா போதுமா? நீதான ஊருக்கெல்லாம் சொல்றவன். போ. சொல்லு."

சவுரிராயன் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, லேப்டாப்போடு வெளியே வந்தார். ஆட்டோவில் ஏறி, ஒயரை எடுத்து அம்ப்ளிஃபையரில் சொருகினார். கூம்பு ஸ்பீக்கர் கீச்சென்று கத்தியதும் தெருவே வாசலுக்கு வந்தது. அவர் தட்டினார். தூசி ஏறி இருமினார். மறுபடி தட்டினார். டீக்கடையில் இருந்தவர்கள்கூடக் கிளாஸோடு வந்து சேர்ந்தார்கள். ஜெயம் வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தட்டி முடித்து, சத்தத்தைக் கடைசி வரை ஏற்றி, ஓட்டினார்.

"பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. பீகாரி எவனும் இல்ல. மீச எவனுக்கும் இல்ல. ஜெயம் ஊட்ல பேசறவன் சவுரிராயன், அவ புருஷன். இந்தக் கொரலு எனக்கும் புடிக்கல, எங்கிட்ட இருக்கறது இதான். உள்ள நாங்க சண்ட போட்டுக்கினு இருந்தோம். இன்னும் முடியல. சின்னபொண்ணு, செவுத்துல இருந்து காத எடு. எல்லாரும் ஊட்டுக்குப் போங்க."